பொன்னேரியில் பல் டாக்டர் தேடிய அண்ணிக்கு

அண்ணி,

நேற்று பரணை ஒழித்தோம். மழைக்கு முன்னால் கூரை ஓடுகளை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் போன வருஷம் போலச் சொட்டுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டு வீடு முழுக்க அலைய வேண்டும். பழைய வலை, ஓடாத ஃபேன், அண்ணன் கழற்றிப் போட்ட சைக்கிள் சக்கரம் என்று ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில், நீ இறால் பிடித்துப் போடுகிற பறிக்கூடை வந்தது. பனையோலை கறுத்துப்போய், அடியில் எலி கடித்து, இறால் வாடைகூட மிச்சமில்லாமல் கிடந்தது. "இத்த தூக்கிப் போட்ரலாமா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனபோது கயிற்றைப் பார்த்தேன்.

பழவேற்காடு ஏரியில் முட்டி போட்டு நகர்ந்து, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவி இறால் பிடிக்கிறவர்களுக்குப் பறியைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? வாயில்தான் கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வுகிற இடத்தில் நீ சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பாய், உதடு கிழியாமல் இருக்க. அந்த ரப்பரில் உன் பல் வரிசை அப்படியே பதிந்திருந்தது. முன்பல் நடுவில் உனக்கு இருந்த சின்ன இடைவெளிகூட. இடது பக்கப் பற்களும் இருந்தன, அண்ணி. ஆஸ்பத்திரியில் தாடையோடு சேர்த்து எடுத்துவிட்டார்களே, அந்தப் பற்கள். அவை எங்கே போயின என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பரணில் ஒரு ரப்பர் துண்டில் உட்கார்ந்திருந்தன.

சொன்னால் சிரிப்பாய், பயந்துவிட்டேன். பறியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். என்னாயிற்று என்று அவள் கேட்டதற்கு, தேள் என்று சொல்லிவிட்டேன்.

நான் எழுதுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். சவாரி கிடைக்காத மத்தியானத்தில் ஆட்டோ ஸ்டாண்டில் பேப்பர் படிப்பேன், அதோடு சரி. ஆனால் இதை யாரிடம் வாய்விட்டுச் சொல்ல? அண்ணனிடம் உன் பேச்சை எடுத்தாலே எழுந்து படகுப் பக்கம் போய்விடுகிறார். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது எனக்கு மீசைகூட முளைக்கவில்லை. அம்மா இல்லாத வீடு. எனக்குச் சோறு போட்டதும் நீதான், போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டியதும் நீதான். ஏரிக்கு உன் பின்னாலேயே வருவேன். பறியைக் கவ்விக்கொண்டே திட்டத் தெரிந்த ஒரே ஆள் இந்த ஏரியில் நீதான். மற்றப் பொம்பளைகள் கவ்வினால் கரை ஏறும்வரை ஊமை. நீ மட்டும் பல்லைக் கடித்தபடியே "ம்ம்ங்ம் ம்ங்" என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாய். யாருக்கும் ஒன்றும் விளங்காது. எனக்கு விளங்கும். 'அங்க கெளுத்தி கீது, கால பாத்து வையி' என்கிறாய், அல்லது 'சோம்பேறி, கைய சேத்துல வுடு' என்கிறாய். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

உன் பல்லைப் பற்றி உனக்கு இருந்த திமிர் அடேயப்பா! சோடா மூடியைக் கடித்துத் திறப்பாய். வலை நரம்பைக் கடித்து அறுப்பாய். நண்டுக் காலை உடைக்க அம்மிக்கல் தேடுகிறவர்களைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு. பல் வலி என்று யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால், "இன்னா பல்லு வச்சிக்கினு கீற? மாவுல செஞ்சதா?" என்று கேட்பாய். கன்னத்துக்குள்ளே ஒரு துண்டுப் புகையிலை எப்போதும் அடங்கியிருக்கும். தண்ணீரில் மணிக்கணக்காகக் கிடக்கிற குளிருக்கு அது இல்லாமல் முடியாது என்பாய். ஏரியில் இறங்குகிறவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் என்பதால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட உன்னைப் பல் டாக்டர்களைத் தேடி அலைய வைத்தது அண்ணன் வாய்தான்.

அவருக்குக் கீழ்க் கடைவாயில் வலி வந்தது. டவுனில் ஒரு இடத்துக்குப் போனார். பிடுங்கினார்கள். வலி போகவில்லை. பக்கத்துப் பல் என்றார்கள், அதையும் பிடுங்கினார்கள். அதற்கும் அடுத்ததை வேரில் சுத்தம் பண்ணி மேலே கேப் போட்டார்கள். அந்த வருஷம் இறால் சீசனில் கிடைத்த பணமெல்லாம் அண்ணன் வாய்க்குள்ளேயே போய்விட்டது. கடைசியில் வேறொரு ஆஸ்பத்திரியில் பார்த்தால், கெட்டுப்போயிருந்தது மேல்வரிசைப் பல்லாம். வலி கீழே இறங்கித் தெரிந்திருக்கிறது. கீழே பிடுங்கியதெல்லாம் நல்ல பல்.

நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "நல்ல பல்ல புடுங்கிக்கினு துட்டையும் வாங்கிக்கினானா, பேமானி! நா போயி அவன் வாயில கீறத எல்லாம் புடுங்கறேன்" என்று கிளம்பிவிட்டாய். அண்ணனும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உட்கார வைத்தோம். அடங்கிய பிறகு வீட்டில் இருந்த எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இனிமே நா பாத்து சொல்ற டாக்டர்கிட்டதான் இந்த வூட்டு வாயி தொறக்கும்."

அதே வாரம் ஒரு பால் பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு அலமாரியில் வைத்தாய். பல்லு டப்பா. இறால் விற்ற காசில் கொஞ்சம், என் ஆட்டோ காசில் கொஞ்சம், அண்ணன் சீட்டு விளையாடி ஜெயித்தால் அதில் பாதி. கல்யாணம், காது குத்து, கரண்ட் பில் எதற்கும் அதில் கை வைக்கக் கூடாது. "வலி வந்தப்பறம் துட்ட தேடினா, எவன் இன்னா சொன்னாலும் தலையாட்டத் தோணும். துட்டு கையில இருந்தாதான் கேள்வி கேக்க முடியும்" என்றாய். அந்தப் பேச்சை இன்றைக்கும் யோசிக்கிறேன். எவ்வளவு சரியாகப் பேசினாய்!

டாக்டரைத் தேர்ந்தெடுக்க நீ வைத்திருந்த வழியும் ஏரிக்கரையில் இருந்து வந்ததுதான். இறால் வாங்க வருகிற புது வியாபாரியிடம், துள்ளிக்கொண்டிருக்கிற இறாலைக் காட்டி, "கொஞ்சம் நொந்துட்ட மாரி கீது, இல்ல?" என்று நீயே கேட்பாய். "ஆமா, நொந்ததுதான், விலைய கொற" என்கிறவனுக்கு அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு இறால் கிடையாது. "சரக்கு நல்லாத்தான கீது, இன்னா ஒளர்ற?" என்கிறவன்தான் உனக்கு வியாபாரி. டாக்டருக்கும் அதே சோதனை. வலது பக்கம் கீழே ஒரு கடைவாய்ப் பல், கல் மாதிரி. அதைத் தொட்டுக் காட்டி "வலிக்குது டாக்டர்" என்பது. என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது.

கேட்டதும் நான் வண்டி ஹேண்டில்பாரைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். இதைவிட நல்ல சோதனை ஒன்றை எந்தப் படித்தவனும் யோசித்திருக்க மாட்டான் என்றே நினைத்தேன்.

முதலில் போனது பொன்னேரியில் கண்ணாடிக் கதவு வைத்த இடம். உள்ளே ஏசி. நான் வெளியே வண்டியில் இருந்தேன். சீக்கிரமே இறங்கி வந்தாய். "சொத்த ஆழமா பூந்துட்ச்சாம். வேர சுத்தம் பண்ணி கேப் போடணுமாம். தவணையில கூட கட்டலாமாம். என் பல்லு மேல மாடி வூடு கட்ட பாக்கறான்டா" என்றாய். எனக்கு எழுபது ரூபாய்க்கு டீசல் போனது பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாவது, மெடிக்கல் ஷாப்புக்கு மேலே மாடியில் ஒரு சின்னப் பெண். அப்போதுதான் போர்டு மாட்டியிருந்தாள். இந்தத் தடவை நேரமாயிற்று. டீ குடித்து, பஜ்ஜி சாப்பிட்டு, இன்னொரு டீயும் குடித்துவிட்டேன். படியில் இறங்கி வரும்போது உன் முகத்தில் கோபமும் சிரிப்பும் ஒன்றாக இருந்தன. வண்டியில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாய்.

"நா காட்னது சோத்தாங்கை பக்கம். அவ நோண்டறது பீச்சாங்கை பக்கம்! கண்ணாடிய வுட்டு கன்னத்த இஸ்து இஸ்து பாக்கறாடா. நாக்க தூக்கு, நாக்க நீட்டு, இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு..."

"பல்லுக்கு இன்னா சொன்னா?"

"பல்லுக்கு ஒண்ணுமில்லன்னுட்டா. நல்லா உறுதியா இருக்குது, இதுல வலி வர்றதுக்கு எடமே இல்லம்மான்னு சொன்னா."

"அப்ப பாஸ்தான!"

"எங்க பாஸு? கேளு. கன்னத்துல உள்ள வெள்ளையா படை மாரி கீதாம், நடுவுல புண்ணு கீதாம். எத்தினி நாளா கீதுன்னு கேக்கறா. அது பறிக் கயிறு ஒரசின காய்ப்பும்மா, எங்க ஊரு பொம்பளைங்க எல்லாருக்கும் கீதுன்னேன். இல்லம்மா, இது காய்ப்பு இல்ல, பொகையிலைய இன்னியோட நிறுத்துங்க, மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கி போயி சதைய எடுத்து டெஸ்ட் பண்ணணும், தள்ளிப் போடாதீங்கன்னு கைய புட்ச்சிக்கினா. தெரியுதா? பல்லுல ஒண்ணும் தேறாதுன்னு தெரிஞ்சதும் கன்னத்துல கை வச்சிட்டா. மொத போனவன் ஒரு பல்லுக்கு கணக்கு சொன்னான். இவ மொத்த மூஞ்சிக்கும் கணக்கு சொல்றா!"

வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தோம். வீட்டில் அந்தப் பெண் உன் நாக்கைப் பிடித்துத் திருப்பியதை நடித்துக் காட்டினாய். அண்ணன் சிரித்தார், என் வீட்டுக்காரி சிரித்தாள், என் மகள் சேரில் ஏறி நின்று உன் வாயைத் திறந்து பார்த்து "நாக்க நீட்டு" என்றாள். குழந்தைக்கு நீட்டிக் காட்டினாய். அவள் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த பெரியவர், கடைத்தெருவில் ஒற்றை நாற்காலி வைத்திருந்தவர், நீ காட்டிய பல்லைக் கம்பியால் இரண்டு தட்டுத் தட்டினார். "கல்லு மாதிரி இருக்கு. இதுக்கா வந்த? போய் வேலையப் பாரும்மா" என்று சொல்லி, கொடுத்த காசையும் வேண்டாம் என்றுவிட்டார். நீ படியிறங்கி வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! "கெட்ச்சிட்டாருடா!" என்று கத்தினாய். தெருவே திரும்பிப் பார்த்தது. அன்று எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக்கொண்டு போனோம்.

அவர்தான் நம் வீட்டு டாக்டரானார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணனின் மிச்சப் பற்களைக் காப்பாற்றிக் கொடுத்தார். என் வீட்டுக்காரிக்குக் கடைசிப் பல் கோணலாக முளைத்து அவதிப்பட்டபோது நோகாமல் எடுத்தார். என்ன செலவாகும் என்று முதலிலேயே சொல்வார், சொன்னதற்கு மேல் வாங்க மாட்டார். தெருவில் பாதிப் பேரை நம்பி அவரிடம் அனுப்பினாய். அவர் நல்லவர், அண்ணி. நீ காட்டியதைப் பார்த்தார், பார்த்ததை உண்மையாகச் சொன்னார். நீ காட்டாததைப் பார்த்தவள் ஒருத்திதான், அவளை நீ தள்ளிவிட்டாய்.

இதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. உன் சோதனையில் எங்கே ஓட்டை என்று தேடித் தேடிப் பார்க்கிறேன். ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிக்கத்தானே அது? கண்டுபிடித்துவிட்டது. கேட்காததைச் சொல்கிறவன் காசுக்காகத்தான் சொல்வான் என்று நீ நினைத்ததில் என்ன தப்பு? அண்ணன் வாயில் அதுதானே நடந்தது? அந்த டவுன் ஆள் நல்ல பல்லைப் பிடுங்காமல் இருந்திருந்தால் நீ இந்தப் பெண் சொன்னதை நம்பியிருப்பாய். இப்படி நினைத்து நினைத்து, சிக்னல் இல்லாத ரோட்டில்கூட வண்டியை நிறுத்திவிடுகிறேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்த நாளில் உன் வாயிலிருந்து பறி நழுவியது. உன் வாயிலிருந்து! பிடித்த இறாலெல்லாம் ஏரியில் கொட்டி நாலா பக்கமும் ஓடியது. சுற்றி இருந்தவர்கள் கேலி பண்ணினார்கள். நீ கயிற்றைத் திட்டினாய். டியூபை அவிழ்த்து இறுக்கிச் சுற்றினாய். பிறகு ஒரு நாள் பறியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இறங்கினாய். கழுத்தில் கட்டினால் அது முன்னால் வந்து கையை மறைக்கும், நீதான் எப்போதும் சொல்வாய். காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கஞ்சிக்கு மாறினாய். வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் பெரியவரிடம் வந்தாய்.

அன்று நான் உள்ளே வந்தேன். நீ வலது பக்கத்தைக் காட்டவில்லை. எதையுமே காட்டவில்லை. அவராகவே டார்ச்சைப் பிடித்துப் பார்த்தார். அவர் கை அப்படியே நின்றது. "எவ்வளவு நாளா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போப்பா" என்றார்.

பெரியாஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு கேட்கவில்லை. இன்சூரன்ஸ் கார்டு இருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். பல்லு டப்பா காசு பஸ்ஸுக்கும் டீக்கும், ராத்தங்க அண்ணனுக்கு ஒரு இடத்துக்கும் போயிற்று. டப்பாவை உடைத்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு டாக்டர் கோபமாக அண்ணனைக் கேட்டார், "இவ்வளவு முத்தற வரைக்கும் யாருமே எதுவும் சொல்லலியா?" அண்ணன் வாயைத் திறக்கும் முன்னால் நீ சொன்னாய். அந்த ஒரு விரல் அளவு வாயால் சொன்னாய்.

"சொன்னாங்க. ஒருத்தி சொன்னா."

அந்த டாக்டர் கையெழுத்துப் போட வேண்டிய பேப்பரை அண்ணனிடம் நீட்டினார்.

கன்னத்தையும் தாடையையும் எடுத்துவிட்டுத் தொடைச் சதையை வைத்துத் தைத்த பிறகு உனக்குப் பேச்சு போய்விட்டது என்று எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. ஏனென்றால் நீ கட்டிலிலிருந்து "ம்ம்ங்ம் ம்ங்" என்றாய், எனக்கு விளங்கிவிட்டது. 'உன் பொண்டாட்டிய அழாம இருக்கச் சொல்லு' என்கிறாய். பறி வாயில் இருக்கும்போது நீ பேசிய அதே பேச்சு. நர்ஸ் என்னைத் தேடி வருவாள், டாக்டர் என்னைத் தேடி வருவார். "இந்தம்மா என்ன சொல்றாங்க, கேட்டுச் சொல்லுங்க" என்பார்கள். நான் சொல்வேன். சில சமயம் நீ அவர்களைத் திட்டியிருப்பாய், நான் மாற்றிச் சொல்வேன். அது உனக்கும் தெரியும், முறைப்பாய்.

அந்தக் குரல்தான் அண்ணி இப்போதும். காட்டூர்க்காரர்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது, இன்ஜினை அணைத்த கையோடு, பின் சீட்டிலிருந்து கேட்கிறது. திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் இருக்க மாட்டார்கள். என்ன சொன்னாய் என்று மட்டும் விளங்குவதில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை தவறாமல் விளங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் பொன்னேரிக்கு என்று கை காட்டினாய். மருந்து வாங்கவா என்றேன், இல்லை என்றாய். என் மகளையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னாய். மெடிக்கல் ஷாப் வந்ததும் என் தோளைத் தட்டி நிறுத்தி மேலே கை காட்டினாய். வேண்டாம் அண்ணி, அந்தப் பெண்ணைப் போய் இப்போது திட்டி என்ன ஆகப்போகிறது என்றேன். நீ பாட்டுக்குக் கைப்பிடியைப் பிடித்துப் படி ஏறினாய்.

அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. துண்டால் பாதி முகத்தை மூடியிருந்தாய். துண்டை எடுத்தாய். அவள் கையிலிருந்த கண்ணாடியை டிரேயில் வைத்துவிட்டு, "ஏரியில இறால் பிடிக்கிறவங்கதானே நீங்க?" என்றாள். நீ தலையாட்டினாய். "அன்னிக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும். கூட வந்தவங்களக் கூப்பிட்டாவது சொல்லியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

நீ கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாய். "ம்ங்ம் ம்ம்ங் ம்" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்களாம். இவங்கதான் நம்பாம பேரம் பேசிட்டாங்களாம்" என்றேன்.

பிறகு நீ என் மகளைத் தூக்க முடியாமல் தூக்கி அந்த நாற்காலியில் உட்கார வைத்தாய். குழந்தையின் வாயைக் காட்டினாய், என் வாயைக் காட்டினாய், பழவேற்காடு இருக்கிற திசையில் கையை நீட்டி அங்கே வீட்டில் இருக்கிறவர்கள் வாயையும் காட்டினாய். கடைசியாக அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாய். நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளுக்கே விளங்கியது. "பார்த்துக்கறேம்மா" என்றாள். நீ இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, எவ்வளவு என்று விரலால் கேட்டாய். அவள் வேண்டாம் என்றாள். நீ விடவில்லை. குழந்தைக்குப் பார்த்த காசை மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் இறங்கினாய்.

மாசி பிறப்பதற்குள் போய்விட்டாய்.

இப்போது நம் வீட்டு வாய் எல்லாம் அங்கேதான் திறக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். புது டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். அண்ணன்கூட வருகிறார், நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்கிறார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எனக்கு வேறொரு பைத்தியம் பிடித்திருக்கிறது. வண்டியில் ஏறுகிறவர்கள் கன்னத்தில் கை வைத்தால் போதும், வாயைத் திறங்கள் என்று கேட்டுவிடுகிறேன். ஸ்டாண்டில் எனக்கு வாய் டாக்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். "டேய், எவனாவது பல்ல பேத்து கையில குடுக்கப் போறான், உஷாரா இரு" என்கிறார்கள்.

போன வாரம் தோணிரேவிலிருந்து ஒருத்தி ஏறினாள். உன் வயசு இருக்கும். மடியில் பறி, ஈரச் சேலை, வாய் நிறைய வெற்றிலை. இடது கன்னத்தில் கையை வைத்தபடி இருந்தாள். நானும் பேசாமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, "அக்கா, தப்பா நெனைக்காத, ஒரு தபா வாய தொற" என்றேன். "இன்னா, சரக்கு போட்டுக்கினு வண்டி ஓட்றியா?" என்றாள். உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். என்ன தோன்றியதோ, வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தாள்.

போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. ஓரத்தில் ஏதோ வெளுப்பாக இருந்தது. அதுவா இது? எனக்குத் தெரியவில்லை, அண்ணி. உனக்கு ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லையே! என் குழந்தைக்கு நீட்டிக் காட்டினாய், எனக்குக் காட்டவில்லை. ஊரார் வாயில் எல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன், எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அவள் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள்.

வண்டியைப் பொன்னேரிப் பக்கம் திருப்பினேன். அவள் கத்தினாள். பஜார் போக வேண்டும், இறால் நொந்துவிடும் என்றாள். இறாலுக்கு நான் காசு தருகிறேன் என்று சொல்லிக் கையைக் காலைப் பிடித்து மாடி ஏற்றினேன். டாக்டர் பொறுமையாகக் கன்னத்தை விலக்கி, நாக்கைத் தூக்கி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா. உடைஞ்ச பல்லு குத்திக் கன்னத்துல லேசா கீறியிருக்கு. ராவிவிட்டா ஆறிடும். வெத்தலையக் குறைங்க, அடுத்த மாசம் ஒரு தடவ வந்து காட்டுங்க" என்றாள். ராவிவிட்டாள். பீஸ் நான் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அறிவு கீதா உனுக்கு? ஒண்ணுமே இல்லாததுக்கு இட்டுக்கினு போயி, என் பொழப்ப கெடுத்து, பொட்டப்புள்ள கையால வாயில நோண்ட வச்சி... இதுல உனுக்கு கமிஷன் எவ்ளோ? சொல்லு, கமிஷன் எவ்ளோ?" என்று ஆரம்பித்து என் அப்பன், பாட்டன் வரைக்கும் போனாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து ரோடு மறைத்தது. அன்றைக்கே உன்னை நான் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருந்தால், ஒன்றுமில்லாததற்கு ஏன் கூட்டிப் போனாய் என்று நீயும் என்னை இப்படி வழியெல்லாம் திட்டியிருக்கலாமே அண்ணி. நன்றாக வாயைத் திறந்து, முழு வாயால், ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக அவள் திட்டிக்கொண்டே வந்தாள். ஊர் சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.